இரண்டாம் கட்டம்

போத்தனூரில் மிஷன் ஆஸ்பத்திரி மூடிப் பதினேழு வருடம் கழித்து, அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று சபைக் கூட்டத்தில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று எழுந்து நின்றவள் கரோலின் ஒருத்திதான். அப்படியானால் பழுது பார்க்கப் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். கொடுக்கிறவர்களிடம் கேட்டு வாங்கலாம் என்றாள். சரி, நீயே வாங்கு என்று அவளையே கட்டடக் கமிட்டிச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள்.

அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. மகளிர் கல்லூரி ஒன்றில் வணிகவியல் சொல்லிக்கொடுத்தாள். கணவன் மஸ்கட்டில் வேலை. மகள் சென்னையில் ஹாஸ்டலில். அப்பா அமிர்தநாதன் அந்த ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். அவர் இறந்த பிறகு அவள் அந்தக் காம்பவுண்டுக்குள் கால் வைத்ததில்லை. செயலாளரான மறுநாள் சாவி கேட்டுப் போனாள். சாவி தம்பிதுரையிடம் இருந்தது.

தம்பிதுரை அங்கே வார்டு உதவியாளாகச் சேர்ந்தவர். ஆஸ்பத்திரி மூடியபோது டாக்டர்களும் நர்ஸுகளும் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். கட்டடத்துக்குப் பின்னால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த லைன் வீடுகளில், போக இடமில்லாத ஏழு குடும்பங்கள் மட்டும் தங்கிவிட்டன. பெருக்கித் துடைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், சமையல்கட்டில் இருந்தவர்கள். தம்பிதுரையும் அவர் மனைவி சாராளும் முதல் வீடு. சாவி அவரிடம் இருந்ததால் வாட்ச்மேன் என்று பெயர். சம்பளம் சபை நினைத்தபோது வரும்.

கதவைத் திறந்து உள்ளே கூட்டிப் போனார். இடிந்து கிடக்கும் என்று நினைத்துப் போன கரோலினுக்கு ஆச்சரியமாக இருந்தது. நூற்றுப்பத்து வருடக் கட்டடம், ஒரு பக்கம்கூடச் சரியாமல் நின்றது. எப்படி என்று கேட்டாள். உடைந்த ஓடுகளை அவ்வப்போது மாற்றிவிடுவதாகவும், பழைய ஆபரேஷன் தியேட்டர் கூரையிலிருந்து நல்ல ஓடாகப் பார்த்து எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். தேக்குச் சட்டங்களைக் கழற்றிக்கொண்டு போக இரண்டு தரம் ஆள் வந்ததாம். ஒரு தரம் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை, சாராள் சொன்னாள்.

பணம் கேட்டு எழுதப் புறப்பட்டபோதுதான், கட்டடத்தைப் பற்றிய காகிதம் எதுவும் யாரிடமும் இல்லை என்று தெரிந்தது. எந்தச் சுவரில் எப்போது ஈரம் ஏறும், எந்த உத்திரம் செல்லரித்தது, எந்தத் தூண் பிறகு கட்டியது என்பதெல்லாம் தம்பிதுரையின் தலைக்குள் இருந்தது. எட்டு சனிக்கிழமை அவர் பின்னாலேயே நடந்தாள். அவர் சுவரைத் தட்டித் தட்டிச் சொல்வார். இவள் எழுதிக்கொள்வாள். மழைத் தண்ணீர் வழியும் தகர ஓடையைக் காட்டி, காம்பவுண்டு முன்னால் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் இலை அதில் அடைத்துக்கொள்ளும், ஆனி மாசம் வாரத்துக்கு ஒரு தரம் அள்ளிவிட வேண்டும் என்றார். வீட்டுக்குப் போய் அதையெல்லாம் அவள் இங்கிலீஷில் மாற்றி எழுதினாள். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிற ஆர்க்கிடெக்ட் சசிதர் அதைப் படித்துவிட்டு, இந்தக் கட்டட நிலை அறிக்கையை எந்த நிறுவனத்திடம் கொடுத்து எழுதி வாங்கினீர்கள் என்று கேட்டார். கரோலின் சிரித்துக்கொண்டாள்.

ஒரு கட்டடத்துக்கு முழுதாகப் பணம் தருகிறவர் யாருமில்லை என்பதை முதல் வருடத்திலேயே கற்றுக்கொண்டாள். தேவாலயம் புதுப்பிக்க அரசாங்க மானியம் உண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிடையாது. நல்லவேளையாக நடு மண்டபத்தை ஒட்டி ஒரு சின்ன ஜெபக்கூடம் இருந்தது. அதன் கூரைக்கு மட்டும் மானியம் கிடைத்தது. எம்.எல்.ஏ. தொகுதி நிதி கேட்டுப் போனால், சபைக்குச் சொந்தமான இடத்தில் செலவழிக்க முடியாது என்று டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியின் நர்ஸிங் பள்ளியில் படித்து வெளிநாடு போன பழைய நர்ஸுகள் நூற்றுக்கும் மேல். கொடுக்க மனதிருந்தது. ஆனால் அந்த ஊர்க் குடியுரிமை வாங்கியவர்களின் பணம் வெளிநாட்டு நன்கொடையாகிவிடும், அதை வாங்கச் சபைக்கு அனுமதி இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை விடாமல் வைத்திருந்தவர்கள் மட்டும் அனுப்பினார்கள். அதில் மேற்கு வார்டின் ஜன்னல்கள் ஆயின. நடுவில் கொரோனா வந்து ஒரு வருடத்துக்கு மேல் தின்றது. கமிட்டிப் பொருளாளர் வின்ஸ்டன், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், இந்த வேகத்தில் போனால் உங்கள் மகளுக்குப் பேரன் பிறக்கும்போது முடியும் என்றார்.

ஐந்தாவது வருடம் பெரிய இடம் ஒன்று இறங்கி வந்தது. ஊரில் பேர் போன பம்ப்செட் கம்பெனி. லாபத்தில் ஒரு பங்கை ஊர்க் காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்ற சட்டத்தின்படி கொடுக்கிற பணம். அதைக் கவனித்துக்கொண்டவன் நிதீஷ், முப்பது வயதுக்காரன், மரியாதையான பிள்ளை. மூன்று தரம் வந்து பார்த்தான். கட்டடம் முழுவதையும் ஒரே மூச்சில் முடித்துத் தருகிறோம் என்றான். ஒரு நிபந்தனை இருந்தது. இடத்தில் குடியிருப்பவர்கள் யாரும் இருக்கக் கூடாது.

“எங்க ரூல்ஸ் அப்படிங்க மேடம். ஆள் குடியிருக்கிற எடத்துல பணம் போட்டா ஆடிட்ல நிக்காதுங்க. அதான் ரெண்டு கட்டமாப் பிரிச்சிருக்கோம். முதல் கட்டம் கட்டடம். ரெண்டாவது கட்டம் பின்னால ஏழு குடும்பத்துக்கும் புது வீடு, நர்ஸிங் பயிற்சி எல்லாம். அதுவரைக்கும் அரசாங்கக் குடியிருப்புல வீடு வாங்கித் தர்றோம்.”

இரண்டாம் கட்டத்தை எழுத்தில் கேட்டாள் கரோலின். கடிதம் வந்தது. முதல் கட்டத்துக்கு எதிரே ‘வழங்கப்படும்’ என்று இருந்தது. இரண்டாம் கட்டத்துக்கு எதிரே ‘பரிசீலிக்கப்படும்’ என்று இருந்தது.

ஐந்து வருடமாக இப்படிப்பட்ட கடிதங்களோடு குடித்தனம் நடத்தியவள் அவள். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாதது அல்ல. கமிட்டியில் கடிதத்தைப் படித்தபோது வின்ஸ்டனும் அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு அடுத்த வரிக்குப் போனார். மார்ச் முடிவதற்குள் பதில் கொடுக்காவிட்டால் பணம் வேறு இடத்துக்குப் போய்விடும். குடும்பங்களிடம் யார் பேசுவது என்று வந்தபோது, தம்பிதுரை உங்கள் பேச்சைத்தான் கேட்பார் என்று எல்லோரும் அவளையே சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போனாள். சாராள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். கரோலின் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனி, கட்டடம், ஊருக்கு வெளியே பதினெட்டு கிலோமீட்டரில் கிடைக்கும் நாலாவது மாடி வீடு, லிப்ட் உண்டு என்பது. தம்பிதுரை கடிதத்தை வாங்கி, தூரப் பிடித்து, மெதுவாகப் படித்தார். தமிழ்ப் பிரதிதான்.

“திரும்பி வந்தர்லாமுங்களா அம்மணி?” என்று கேட்டார்.

“ரெண்டு வருசத்துல வந்துடலாம் அண்ணா.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கடிதத்தைப் பார்த்தார். “செரிங்க. நீங்க சொன்னாச் செரி” என்று சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவுக்குக் கை நீட்டினார்.

அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் போட்டார்கள். சித்திரை பிறந்த வாரத்தில் இரண்டு மினி லாரியில் எல்லோருடைய சாமானும் போய்விட்டது.

தம்பிதுரை மட்டும் போகவில்லை என்றே சொல்லலாம். தினமும் விடிந்ததும் இரண்டு பஸ் மாறி வந்து கேட்டைத் திறந்துவிடுவார். வேலைக்கு வந்த கொத்தனார்களுக்கு எது எங்கே இருக்கிறது என்று காட்டுவார். அவர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலி என்று யாரும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கரோலின் கமிட்டியில் இரண்டு தரம் எடுத்துப் பேசினாள். செலவுத் திட்டத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள்.

ஒரு வருடம் கழித்துக் கம்பெனி, இன்ஷூரன்ஸுக்காகச் செக்யூரிட்டி ஏஜென்ஸியை நியமித்தது. நீலச் சட்டை போட்ட ஆட்கள் கேட்டில் நின்றார்கள். பாஸ் இல்லாதவர்களை விடக் கூடாது என்பது உத்தரவு. தம்பிதுரைக்குப் பாஸ் வாங்கித் தருவதாகக் கரோலின் சொன்னாள். தேர்வு நேரம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப் போனது.

அந்த ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழை அடித்து இறங்கிய ஒரு நாள், தகர ஓடையில் இலை அடைத்திருக்கும் என்று அவர் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கேட்டில் விடவில்லை. ஏணி எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் கையை விட வேண்டும் என்று அந்த ஆளிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். மேலே ஏறுவது என் வேலை இல்லை என்றிருக்கிறான் அவன். எதிரே டீக்கடைக் கூரைக்குக் கீழே மத்தியானம் வரை நின்றிருக்கிறார். கரோலின் தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தாள். செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போயிருந்தாள். மாலையில் பார்த்தால் நாலு தரம் கூப்பிட்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டாள்.

“ஒண்ணுமில்லீங்க அம்மணி. மழைக்குச் சும்மா கூப்ட்டேன்” என்றார்.

அன்றைக்குத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஜெபக்கூடத்துப் புதுக் கூரைப் பலகை ஒரு பக்கம் முழுக்கக் கறுத்துவிட்டது. காண்ட்ராக்டர் மாற்றிப் போட்டுக்கொடுத்தார். டீக்கடைக்காரர் சொல்லித்தான் நடந்தது அவளுக்குத் தெரிந்தது. அவசர அவசரமாகப் பாஸ் வாங்கிக் கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு அவர் கட்டடத்துப் பக்கம் வரவில்லை.

ஆவணியில் நிதீஷ் கூப்பிட்டான். வேலையை விட்டுப் பெங்களூர் போவதாகச் சொன்னான். குரலே சரியில்லை. கம்பெனி போர்டில் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, இந்த வருடத்திலிருந்து குளம் தூர்வாருவதற்கு மட்டும்தான் பணம் என்று முடிவாகிவிட்டதாம். “நான் முடிஞ்சவரைக்கும் பேசிப் பாத்தேனுங்க மேடம்” என்றான். அவள் நம்பினாள். அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

பிறகு அவள் ஏழு வீட்டுக்காக அலைந்ததைப் போல அந்தக் கட்டடத்துக்காகக்கூட அலைந்ததில்லை. பழைய கட்டடங்களுக்குப் பணம் தருகிற அறக்கட்டளைக்கு எழுதினாள். லைன் வீடுகள் பாரம்பரியக் கட்டடத்தில் சேராது என்று பதில். ஏழைகளுக்கு வீடு கட்டும் திட்டத்தில் போனாள். அவர்களுக்குத்தான் ஏற்கெனவே அரசாங்க வீடு கிடைத்துவிட்டதே என்றார்கள். பழைய கட்டடத்தைக் காட்டிக் காட்டி ஏழு வீட்டை மறைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. கட்டடத்துக்கு வயது இருந்தது, தேக்கு இருந்தது, ஆஸ்பத்திரியைத் தொடங்கிய வெள்ளைக்கார டாக்டரம்மாவின் படம் இருந்தது. ஏழு குடும்பத்துக்குக் காட்ட ஒன்றுமில்லை. சபையிடமே கேட்டாள். லைன் வீடுகளை இடித்து, பின்பக்கத்து இடத்தைக் கார் நிறுத்த வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருந்தது. புதுப்பித்த கட்டடத்தில் கண்காட்சியும் கூட்டங்களும் நடக்கும். வருகிறவர்கள் வண்டியை எங்கே விடுவார்கள்?

மாதத்தின் முதல் ஞாயிறு தம்பிதுரையும் சாராளும் பழைய சபைக்கே ஆராதனைக்கு வருவார்கள். பரிசுத்த நற்கருணை முடிந்து வெளியே வரும்போது, “ஏனுங்க அம்மணி, நம்ம காரியம்?” என்பார் அவர். பாத்துட்டிருக்கோம் அண்ணா என்பாள் இவள். புரட்டாசியில் அவர் கேட்கவில்லை. நல்லாயிருக்கீங்களா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். இவளாக ஓடிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு அவருக்கு நெஞ்சு வலித்தது. லிப்ட் நின்றுபோய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்தார் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து நாலு மாடி இறக்கினார்கள். படிக்கட்டு குறுகல், திருப்பத்துக்குத் திருப்பம் சேரைச் சாய்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது மாடியில் அவர் சாராளின் கையைப் பிடித்து, இறக்கி வையுங்கள், நானே நடக்கிறேன் என்றிருக்கிறார். ஆம்புலன்ஸ் ஊருக்குள் வந்து சேரும்போது உயிர் இல்லை. அறுபத்தாறு வயது.

கரோலின் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். அடக்கம் மறுநாள் நடந்தது. ஆயர் நல்ல விதமாகப் பேசினார். விசுவாசமுள்ள ஊழியக்காரன் என்றார். மண் போட்டுவிட்டு எல்லோரும் கலைந்த பிறகு, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமாகச் சாராள் உட்கார்ந்திருந்தாள். கரோலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. சாராள்தான் இவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருசத்துல வந்துடலாம்னு சொன்னேன். வர முடியாம போகலாம்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்.”

சாராள் தலையை ஆட்டினாள். முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

“அவருக்குந் தெரியுமுங்க கண்ணு.”

கரோலின் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரி மூடுனப்பொ, பென்சன் குடுக்கறது பரிசீலிக்கப்படும்னு இவருக்கு ஒரு கடுதாசி வந்துதுங்க. இருவது வருசமாப் பொட்டில கெடக்குது. நீங்க கொண்டாந்த கடுதாசியப் படிச்சுப்போட்டு, நீங்க போனதுக்கப்புறம், அதே வார்த்தைதான் போட்டுருக்கறாங்க சாராள்ன்னு சொன்னாருங்க.”

“பின்ன ஏன் கையெழுத்துப் போட்டார்?”

“நானும் அதேதான் கேட்டனுங்க. நாம போகலீன்னா பணம் வேற எடத்துக்குப் போயிருமாமா. கட்டடம் இன்னும் ரெண்டு மழை தாங்காதுன்னாரு. அது இவருக்குத்தானுங்களே தெரியும். அப்புறம், அந்தப் புள்ள அஞ்சு வருசமா நாயா அலைஞ்சிருக்குது, நாம குறுக்க நின்னு கெடுக்கோணுமான்னாரு.” சாராள் சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்தாள். “எனக்குத்தானுங்க போக மனசில்ல. எங்கிட்ட ஆருங்க கேட்டாங்க? நீங்களும் கேக்கல. அவரும் கேக்கல.”

இரண்டு பேரும் நிழல் நகர்கிற வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சாராளின் மகள் வந்து கூட்டிப் போனாள்.

ஜனவரியில் கட்டடம் திறந்தார்கள். சுண்ணாம்பு பூசிய சுவர் பாலாய் வெளுத்து நின்றது. பழைய தேக்கு எண்ணெய் குடித்துப் பளபளத்தது. பேராயர், கம்பெனி முதலாளி, கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒருவர் என்று மேடை நிறைய ஆட்கள். வாசலில் பதித்த கல்வெட்டில் பணம் கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் வரிசையாக இருந்தது. அதில் தம்பிதுரை பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கரோலின் ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். கல் ஏற்கெனவே வெட்டக் கொடுத்தாயிற்று என்றார்கள். அவள் வற்புறுத்தியபோது வின்ஸ்டன், அவரைப் போட்டால் மற்ற ஆறு குடும்பத்தையும் போட வேண்டும், அவர்கள் எங்கே என்று யாராவது கேட்பார்கள் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

நன்றியுரை அவளுக்கு. எழுதி வைத்திருந்த பெயர்களைப் படித்து முடித்தாள். பிறகு காகிதத்தை மடித்துவிட்டு, இந்தக் கட்டடம் இன்றைக்கு நிற்பதற்குக் காரணம் இருபது வருடம் இதற்கு ஓடு மாற்றிய தம்பிதுரை என்பவர், அவரும் இன்னும் ஆறு குடும்பமும் இதற்காக வீட்டை விட்டுப் போனார்கள், அவர்களுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொன்னது நான், கட்டித் தரவில்லை என்றாள். பின்வரிசையில் யாரோ கை தட்டத் தொடங்க, எல்லோரும் தட்டினார்கள். தொகுப்பாளர் மைக்கை வாங்கி, பந்தலில் டிபன் தயாராக இருக்கிறது என்று அறிவித்தார். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அவள் போகவில்லை. ராஜினாமாக் கடிதத்தை வின்ஸ்டன் மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டார்.

மாசியில் சாராள் வால்பாறைக்குப் புறப்பட்டாள். மகள் அங்கே எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தாள், தேயிலை பறிக்கிறவள். நாலு மாடி ஏறி இறங்க முடியவில்லை, தனியாக என்ன செய்வது என்றாள் சாராள். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ் ஏற்றிவிடக் கரோலின் போயிருந்தாள். சாமான் என்று ஒரு பெட்டி, இரண்டு பை.

“லைன் ஊட்ல பொறந்தனுங்க, லைன் ஊட்டுக்கே போறனுங்க” என்று சாராள் சொன்னாள். குறையாகச் சொன்னது மாதிரி இல்லை.

குளிருமே அக்கா என்றாள் கரோலின். தான் கொண்டுவந்திருந்த கம்பளிச் சால்வையைப் பையில் வைத்தாள். சாராள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும் சாராள் கையை வெளியே நீட்டி இவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். “ஈஸ்டர் நோம்பிக்கு வாங்க கண்ணு. கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறோணும், வாந்தி வரும். எலுமிச்சம்பழம் கையில வெச்சுக்குங்க.”

“வர்றேன் அக்கா.”

“அவுரு கல்லறைக்கு மட்டும் அப்பப்பொப் போய் எட்டிப் பாருங்க. புல்லு மொளச்சுப்போடும்.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் பெரிய குளத்து ரோட்டில் திரும்புகிற வரை கரோலின் நின்றாள். அப்புறம் அந்தக் கட்டடத்து வாசல் வழியாகப் போத்தனூர் போகிற டவுன் பஸ் வந்தது. கூட்டம் அதிகமாக இருந்தது. அவள் ஏறவில்லை. அடுத்ததில் இடம் இருந்தது, அதிலும் ஏறவில்லை.